சிச்சுவான் கப்பலா, அந்த அழுக்கு மிதவையா? சீனாவின் தரையிறங்கு கப்பல்கள் பற்றி

#1 மின்கம்பி

சிச்சுவான் படங்களைப் பார்த்தீர்களா எல்லாரும்? 2024 டிசம்பர் 27 அன்று ஷாங்காய் ஹுதோங்-சோங்ஹுவா தளத்தில் வெள்ளோட்டம் விட்டார்கள். 2025 நவம்பரில் முதல் கடல் சோதனைக்கும் கிளம்பிவிட்டது. டைப் 076 வகையில் முதல் கப்பல், 40,000 டன்னுக்கு மேல். மேல்தளத்தில் ஒன்றுக்கு இரண்டாகக் கட்டட மேடை, முன்பக்கம் மின்காந்த கேட்டபல்ட், அதாவது விமானத்தை வேகமாக இழுத்து வீசிப் பறக்கவிடும் கருவி.

என் கேள்வி இதுதான். இதைத் தரையிறங்கு கப்பல் என்கிறார்கள். படையைக் கரையில் இறக்குகிற கப்பலுக்கு எதற்கு கேட்டபல்ட்? இது விமானந்தாங்கிக்கு வேறு பெயரா? இதை வைத்துத்தான் தைவானுக்குப் போகப் போகிறார்களா? தெரிந்தவர்கள் விளக்குங்கள். கார்ட்டூன் படம் போட்டு "அவ்வளவுதான் தைவான்" என்று எழுதுகிற யூடியூப் ஆட்களைக் கேட்டு அலுத்துவிட்டது.

#2 கரைவலை

நல்ல கேள்வி தம்பி. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்.

சீனக் கடற்படையில் தரையிறங்கு கப்பல் என்றால் ரொம்ப நாள் டைப் 072 குடும்பம்தான். மூக்கு இரண்டாகத் திறக்கும். கப்பலை அப்படியே மணலில் ஏற்றி நிறுத்தி, முன்கதவு வழியாக டாங்கியை ஓட்டி இறக்கலாம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கர்கள் நூற்றுக்கணக்கில் கட்டிய எல்எஸ்டி கப்பலின் அதே யோசனை. அந்த அமெரிக்கக் கப்பல்களே சில 1949-ல் கம்யூனிஸ்ட்கள் கைக்கு வந்து பல வருடம் ஓடின. 072-ன் குறை என்னவென்றால் கப்பலே கரைக்கு வந்தாக வேண்டும். கரையில் பீரங்கி வைத்திருப்பவனுக்கு அதைவிட வசதி வேறில்லை.

2007 நவம்பரில் குன்லுன் ஷான் சேவைக்கு வந்தபோதுதான் கதை மாறியது. அதுதான் டைப் 071. 25,000 டன், 210 மீட்டர். இதன் உயிர்நாடி வெல் டெக். கப்பலின் பின்வயிற்றில் ஒரு பெரிய கூடம் என்று நினைத்துக்கொள். பாலாஸ்ட் தொட்டிகளில் கடல்நீரை ஏற்றினால் பின்பக்கம் மெல்லத் தாழும். பின்கதவைத் திறந்தால் கடல் உள்ளே வரும். தரையில் உட்கார்ந்திருந்த படகுகள் இருந்த இடத்திலேயே மிதக்க ஆரம்பிக்கும். அப்படியே பின்னோக்கி வெளியே போக வேண்டியதுதான். ஹோவர்கிராஃப்ட் என்றால் இந்த அளவு தண்ணீர்கூட வேண்டாம், காற்று மெத்தையில் தானே வழுக்கிக்கொண்டு போய்விடும். 071-ல் அப்படி 4 ஹோவர்கிராஃப்ட் நிற்கும். கப்பல் கரைக்கு வராமல், கரையிலிருந்து பார்த்தால் தெரியாத தூரத்தில் நின்றபடி படையை அனுப்பலாம். இதில் 8 கட்டினார்கள். எல்லாவற்றுக்கும் மலைகளின் பெயர்.

அடுத்தது டைப் 075. வெல் டெக்கும் உண்டு, மேலே முழுநீள ஹெலிகாப்டர் தளமும் உண்டு. முதல் கப்பல் ஹைனான், 2021 ஏப்ரல் 23 அன்று சான்யாவில் ஷி ஜின்பிங் முன்னிலையில் சேவையில் சேர்ந்தது. (அதற்கு ஒரு வருடம் முன்பு, தளத்தில் வேலை நடக்கும்போதே தீப்பிடித்துப் புகை மூட்டமாக நின்ற படங்கள் வந்தன. அதே 2020-ல் அமெரிக்காவின் பான்ஹோம் ரிச்சர்ட் எரிந்து வீணாகிவிட்டது. சீனர்களுடையது பிழைத்துக்கொண்டது.) பிறகு குவாங்சி, அன்ஹுய், ஹூபெய்.

சிச்சுவான் அதற்கும் அடுத்த படி. கேட்டபல்ட் மனிதர் ஓட்டும் பெரிய போர் விமானத்துக்கு என்பதைவிட, இறக்கை வைத்த ஆளில்லா விமானங்களுக்கு என்பதுதான் பொருந்தும். ஹெலிகாப்டர் போகும் வழியை முன்னால் போய்ப் பார்க்க, தேவைப்பட்டால் அடிக்க. ஆகவே விமானந்தாங்கி என்று சொல்ல மாட்டேன். வெல் டெக் இருக்கிறவரை அது தரையிறங்கு கப்பல்தான்.

#3 ஊசிப்பட்டாசு

இவ்வளவு சுற்ற வேண்டாம் கரைவலை. 100 மைல் தள்ளித் தைவான் இருக்கிறது. அதைச் சேர்ப்போம் என்று வருடா வருடம் சொல்கிறார்கள். தரையிறங்கு கப்பல் கட்டுகிறார்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டு.

#4 கரைவலை

கூட்டல் சரி ஊசி, ஆனால் எண்களைப் போட்டுப் பார்.

071 ஒன்றில் 800 பேர், 075 ஒன்றில் 1,000 பேர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 8 x 800, 4 x 1,000. மொத்தம் பத்தாயிரத்துச் சொச்சம். ஒரு கப்பல்கூடப் பழுதில் இல்லை, ஒன்றுகூடக் கடற்கொள்ளையரைத் தடுக்க ஏடன் வளைகுடாவுக்குப் போகவில்லை என்று வைத்தால்தான் இது. நார்மண்டியில் 1944 ஜூன் 6 அன்று ஒரே நாளில் இறங்கியவர்கள் ஒன்றரை லட்சத்துக்கு மேல். தைவானின் படை அன்றைக்கு நார்மண்டிக் கரையில் நின்ற ஜெர்மன் படையைவிடச் சின்னது இல்லை.

அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சீன ராணுவ அறிக்கைகளே சில வருடங்களுக்கு முன்பு இதைச் சொன்னன: நேரடிப் பெரும் படையெடுப்புக்குத் தேவையான 072 மாதிரிக் கப்பல்களையும் நடுத்தரப் படகுகளையும் சீனா அதிகம் கட்டவில்லை, பெரிய கப்பல்களில்தான் பணம் போடுகிறது என்று. பெரிய கப்பல் தொலைவுக் கடலுக்கு. ஜலசந்தி கடக்க வேறு சாமான் வேண்டும்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. தரையிறக்கத்தில் முதல் அலையைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறார்கள். இறங்கிவிடலாம், உயிரைக் கொடுத்தால் யாராலும் இறங்க முடியும். இறக்கிவிட்டுத் திரும்பிப் போய் இரண்டாவது நடை ஏற்றி வர கப்பல் மிஞ்சியிருக்குமா, அதுதான் கேள்வி.

#5 பழைய வரைபடம்

கரைவலை சொன்னதற்கு அச்சு அசல் உதாரணம் சீனர்களின் சொந்த வரலாற்றிலேயே இருக்கிறது, கின்மென் தீவின் ஒரு கரையோர ஊரில். குனிங்தோ.

1949 அக்டோபர் 24 இரவு. உள்நாட்டுப் போர் முடியும் தறுவாய். மாவோவின் படை கரையோர நகரான சியாமெனைப் பிடித்துவிட்டது. எதிரே பத்து கிலோமீட்டர் தள்ளிக் கின்மென் தீவு, அங்கே சியாங் கை-ஷேக்கின் ஆட்கள், அதாவது தேசியவாதிகள். தரையிறங்கு கப்பல் என்று ஒன்றும் கையில் இல்லை. மீனவர்களின் பாய்மரப் படகுகளைச் சேர்த்தார்கள், சுமார் 300. அதில் ஏறியது ஏறத்தாழ 9,000 பேர். திட்டம் எளிமையானது: இவர்களை இறக்கிவிட்டு அதே படகுகள் திரும்பிப் போய் அடுத்த கூட்டத்தை ஏற்றி வரும்.

நள்ளிரவுக்குப் பிறகு, கடல் ஏறி நின்ற நேரத்தில் கரை தட்டினார்கள். ஆட்கள் இறங்கினார்கள். ஆனால் படகைத் திருப்புவதற்குள் கடல் வற்ற ஆரம்பித்துவிட்டது. கரையில் புதைத்திருந்த தடுப்புகளில் சிக்கியது பாதி, சேற்றில் உட்கார்ந்தது மீதி. விடிந்து பார்த்தால் முந்நூறு படகும் வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கின்றன. சுட்டு எரித்தார்கள். எதிர்க்கரையில் இரண்டாவது அலை ஆயுதத்தோடு நின்று வேடிக்கை பார்த்தது. போகப் போதிய படகு இல்லை. மூன்று நாளில் இறங்கிய அத்தனை பேரும் செத்தார்கள், இல்லையென்றால் பிடிபட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை. படகுகளை அடித்ததில் பெரும் பங்கு தேசியவாதிகளின் எல்எஸ்டி கப்பல் ஒன்றுக்கு உண்டு. தைவானிலிருந்து சர்க்கரை கொண்டுவந்து கடலை எண்ணெய்க்கு மாற்றும் பக்க வியாபாரத்துக்காக ஏதோ சாக்குச் சொல்லி அங்கேயே தங்கியிருந்தது என்று கதை சொல்வார்கள். எண்ணெய் அன்றைக்கு நேரத்துக்கு வந்திருந்தால் வரலாறு வேறு மாதிரி போயிருக்கலாம்!

#6 மின்கம்பி

அய்யோ. படித்ததே இல்லை இதை. ஆனால் ஹைனான் தீவைப் பிடித்தார்களே? அதுவும் மரப்படகில்தானே?

#7 பழைய வரைபடம்

ஆமாம், ஆறே மாதத்தில். குனிங்தோவில் பட்ட அடி நன்றாகவே உறைத்திருந்தது. 1950 மார்ச்சில் முதலில் சின்னச் சின்னக் கூட்டமாக இரவில் ஆளை அனுப்பினார்கள். தீவுக்குள் ஃபெங் பாய்ஜுவின் உள்ளூர் கெரில்லாக்கள் வருடக்கணக்காக இருந்தார்கள், வந்தவர்களைக் கரையிலேயே கைப்பிடித்து அழைத்துப் போனார்கள். காற்றும் நீரோட்டமும் பார்த்து ஏப்ரல் நடுவில் பெரிய கூட்டம் கடந்தது. மே 1-க்குள் தீவு கையில். அங்கே கடல் முப்பது கிலோமீட்டர்கூட இல்லை என்பதையும் சேர்த்துக்கொள். தைவான் ஜலசந்தி குறுகிய இடத்திலேயே 130. உள்ளே கைகொடுக்க கெரில்லாவும் கிடையாது.

முதல் 075-க்கு ஹைனான் என்று பெயர் வைத்தார்கள். கின்மென் என்று வைக்க முடியாது, இன்னும் அவர்கள் கையில் இல்லை.

#8 செகண்ட் மேட்

லீவில் இருக்கிறேன், இந்த இழையைப் பார்த்ததும் சும்மா இருக்க முடியவில்லை. நான் போர்க்கப்பல் ஆள் இல்லை, ரோ-ரோ கப்பலில் (லாரியும் காரும் தாமே ஓடி ஏறி இறங்கும் கப்பல்) ஆறு வருடம். அதனால் யாரும் பேசாத ஒன்றைச் சொல்கிறேன்: பயணிப் படகுகள்.

தாலியன் - யான்தாய் இடையே போஹாய் கடலைக் கடக்கும் பெரிய ரோ-ரோ கப்பல்கள் சீனாவில் தினசரி ஓடுகின்றன. தூரம் 160 கிலோமீட்டருக்குப் பக்கம். தைவான் ஜலசந்தி அளவுதான், கவனியுங்கள். லாரி, கார், ஆள் எல்லாம் ஏறும். இவற்றைப் போர்க்காலத்தில் எடுத்துக்கொள்ள சட்டமே இருக்கிறது, 2017-லிருந்து நடைமுறையில். புதிதாகக் கட்டும்போதே ராணுவத் தேவைக்கு ஏற்ற மாதிரிக் கட்டச் சொல்கிறார்கள்.

சாதாரண ரோ-ரோ கப்பலின் பின் ராம்ப் (வண்டி ஓடி இறங்கும் சாய்தளம்) துறைமுகத் தளத்தில் போய் உட்காருவதற்குச் செய்தது. கொஞ்சம் கீழே, கொஞ்சம் மேலே போகும், அவ்வளவுதான். அதைத் தண்ணீருக்குள் இறக்கி வைத்தால் ஹைட்ராலிக் கை தாங்காது, அலை ஒரு தட்டு தட்டினால் ராம்பின் கீல் முறுக்கிக்கொள்ளும். சீனர்கள் பாங் சுய் தாவோ என்ற கப்பலில் அந்த ராம்பை மாற்றிக் கட்டினார்கள். பெரிய ஆதரவுக் கைகள் வைத்து, ராம்ப் நேராகக் கடலுக்குள் இறங்கும். நீரிலும் ஓடும் கவச வண்டிகள் அதில் இறங்கி நீந்திப் போவதையும் திரும்ப ஏறுவதையும் 2020 பயிற்சியில் செய்து பார்த்தார்கள். 15,000 டன் பயணிக் கப்பல், அதில் நேற்று வரை குடும்பம் குட்டியோடு மக்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஆனால் சொல்கிறேன், இது பார்ப்பதற்கு எளிது. நாங்கள் ஒரு லாரியை ஏற்றினால் நாலு மூலையிலும் செயின் போட்டுத் தளத்து வளையத்தில் இறுக்குவோம். அலை அதிகம் என்றால் எட்டு. இறக்கும் முன் அத்தனையும் கழற்ற வேண்டும். நடுக்கடலில், கப்பல் உருளும்போது, நாற்பது டன் வண்டியின் செயினைக் கழற்றச் சொன்னால் எங்கள் போசனே (தளத்து ஆட்களின் தலைவர்) கும்பிடு போட்டுவிட்டுப் போய்விடுவார். ஒரு தடவை ஒரு டிரெய்லர் ஒரே ஒரு செயின் தளர்ந்து இரவெல்லாம் அரை அடி அரை அடியாக நகர்ந்து பக்கத்து வண்டியைத் தேய்த்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. கடல் தட்டையாக இருக்கும் நாளில் மட்டும்தான் அந்த ராம்ப் வித்தை.

#9 ஊசிப்பட்டாசு

செகண்ட் மேட், அருமை. ஆனால் வணிகக் கப்பலைப் போருக்கு அனுப்பினால் என்ன ஆகும் என்று பிரிட்டனும் அர்ஜென்டினாவும் மோதிய ஃபாக்லாந்து தீவுப் போரில் பார்த்தாயிற்றே. 1982 மே 25, அட்லாண்டிக் கன்வேயர். பிரிட்டன் அவசரத்துக்கு எடுத்த சரக்குக் கப்பல். எக்ஸோசெட் ஏவுகணை பட்டு எரிந்து போனது. உள்ளே இருந்த சினூக் ஹெலிகாப்டர்களில் பறந்துகொண்டிருந்த ஒன்றுதான் தப்பியது. அப்புறம் என்ன, சிப்பாய்கள் மூட்டையைத் தூக்கிக்கொண்டு தீவு முழுக்க நடந்தார்கள். போர்க்கப்பலுக்கு உள்ள தடுப்பு அறைகள், தீயணைப்பு ஆட்கள் எதுவும் வணிகக் கப்பலில் கிடையாது.

#10 செகண்ட் மேட்

மறுக்கவில்லை. ரோ-ரோ கார் தளம் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தடுப்பே இல்லாத ஒரே கூடம். தண்ணீர் புகுந்தால் அங்குமிங்கும் ஓடிக் கப்பலைக் கவிழ்த்துவிடும். பள்ளியில் முதல் வருடமே சொல்லிக்கொடுப்பார்கள்.

#11 கரைவலை

இப்போதுதான் தலைப்பில் உள்ள மிதவைக்கு வருகிறோம்.

படகு ரெடி, வண்டி ரெடி. ஆனால் கரை? தைவானின் மேற்குக் கரையில் நிறைய இடம் சேறு, ஏற்றவற்றம் அதிகம். இறங்கத் தோதான கடற்கரை விரல்விட்டு எண்ணும் அளவுதான் என்று சொல்வார்கள், பதினான்கு என்ற எண் அடிக்கடி அடிபடும். துறைமுகங்களைத் தைவான் தானே உடைத்துவிடும். அப்போது ரோ-ரோ கப்பல் எங்கே போய் நிற்கும்?

2025 தொடக்கத்தில் குவாங்சோ தளத்தில் விநோதமான மிதவைகள் தெரிந்தன. மார்ச்சில் சான்ஜியாங் பக்கம் ஒரு கடற்கரையில் மூன்றை வரிசையாகக் கோத்துச் சோதித்த படங்கள் வந்தன. ஒவ்வொன்றுக்கும் தூண் மாதிரிக் கால்கள். கடலடியில் ஊன்றி, மிதவையே தண்ணீருக்கு மேல் எழுந்து நிற்கும். எண்ணெய்க் கிணறு தோண்டும் மேடை மாதிரி. பிறகு ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாலம். கடைசி மிதவையிலிருந்து நீண்ட நாக்கு ஒன்று மணல், சேறு, கடலோரச் சாலை எல்லாவற்றையும் தாண்டிப் போய் விழும். மொத்தம் 800 மீட்டருக்கு மேல். கடல் முனையில் சரக்குக் கப்பலோ பயணிப் படகோ கட்டிக்கொள்ளலாம். ஷுய்சியாவ் என்கிறார்கள், நீர்ப்பாலம்.

சிச்சுவானைவிட நூறு மடங்கு அழுக்கான சாமான். பெயின்ட்கூட ஒழுங்காக இல்லை. ஆனால் எனக்கு உண்மையில் வயிற்றைக் கலக்கியது இதுதான். குனிங்தோவில் எது இல்லாமல் செத்தார்களோ அதைக் கட்டுகிறார்கள்: கடல் வற்றினாலும் நடை நிற்காத ஒரு வழி.

#12 ஊசிப்பட்டாசு

அது நகராத 800 மீட்டர் இலக்கு! நார்மண்டியில் மல்பெரி என்று செயற்கைத் துறைமுகமே கட்டிக் கொண்டுபோனார்கள். அமெரிக்கர்களுடையதை 1944 ஜூன் 19-ல் வந்த புயலே முடித்துவிட்டது, ஜெர்மன்காரனுக்கு வேலையே வைக்கவில்லை.

இன்னும் கிட்டத்தில் பார். கருங்கடல். ரஷ்யாவின் தரையிறங்கு கப்பல் சராடோவ் 2022 மார்ச் 24-ல் பெர்தியான்ஸ்க் துறைமுகத்தில் நின்றபடியே போனது. நோவோசெர்காஸ்க் 2023 டிசம்பரில் ஃபியோடோசியாவில். சீசர் குனிக்கோவ் 2024 பிப்ரவரியில் ஆளில்லாப் படகுகள் மோதி மூழ்கியது. ஒடேசாவில் தரையிறக்கம் என்று போர் தொடங்கியபோது ஊரெல்லாம் பேச்சு, கடைசிவரை நடக்கவே இல்லை. பெரிய கடற்படை இல்லாத உக்ரைன் செய்த வேலை இது.

#13 கரைவலை

மல்பெரிக் கதையின் மறுபாதியை விட்டுவிட்டாயே. புயலுக்குப் பிறகு அமெரிக்கர்கள் எல்எஸ்டிகளை நேரே மணலில் ஏற்றி, கடல் வற்றும்போது இறக்கி, ஏறும்போது கிளப்பி, துறைமுகம் இருந்தபோது வந்ததைவிட அதிகச் சரக்கை இறக்கினார்கள். ஆனால் அது வானமும் கடலும் முழுக்க அவர்கள் கையில் இருந்ததால் முடிந்தது. மிதவையும் அப்படித்தான். முதல் நாள் சாமான் இல்லை, மேலே யாரும் சுடாத நிலை வந்த பிறகு வரும் சாமான்.

கருங்கடல் கணக்கு எனக்கும் சரியாகவே படுகிறது. அதனால்தான் சிச்சுவானில் கேட்டபல்ட்: கப்பல் இன்னும் தள்ளி நிற்கலாம், முன்னால் ஆளில்லா விமானம் போகலாம்.

#14 திருக்கோணமலை

அண்ணைமார் பெரிய கப்பல்களைப் பற்றிக் கதைக்கிறீங்கள், நான் சின்னக் கப்பல் ஒன்றைப் பற்றிச் சொல்றன். இலங்கைக் கடற்படையின்ர ‘சக்தி’ சீனக் கப்பல்தான். டைப் 074, தொண்ணூறுகளின் நடுவில் வாங்கினது. யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை மூடிக் கிடந்த காலத்தில திருக்கோணமலைக்கும் காங்கேசன்துறைக்கும் இடையில படைகளை ஏத்தி இறக்கினதில அதுக்கும் பங்கு இருக்கு. கரையில மூக்கை முட்டி நிக்கிற சாதி. எங்கட ஆக்களுக்கு அதைப் பாத்தா வாற ஞாபகங்கள் வேற.

ஆனா 2021 ஓகஸ்டில கொரோனா உச்சத்தில அதே சக்தி சென்னைக்குப் போய் ஒட்சிசன் ஏத்திக்கொண்டு வந்தது. அதே கிழமை இந்தியாவின்ர இன்னொரு ‘சக்தி’யும் விசாகப்பட்டினத்தில இருந்து ஒட்சிசனோட கொழும்புக்கு வந்தது. ரெண்டு சக்தியும் ஒரே சாமானோட. இந்த வகைக் கப்பலின்ர குணம் அதுதான், என்னத்தை ஏத்தினாலும் கொண்டு போகும்.

#15 கரைவலை

நன்றி சகோதரம். எல்லாரும் விட்டுவிட்ட பக்கம் இது. சீனாவின் பெரிய கப்பல்கள் இதுவரை உண்மையில் செய்த வேலை பெரும்பாலும் இந்த வகைதான். குன்லுன் ஷான் 2010-ல் கடற்கொள்ளையரைத் தடுக்க ஏடன் வளைகுடாவுக்குப் போனது. ஜிங்காங் ஷான் 2014-ல் காணாமல் போன எம்எச் 370 விமானத்தின் தேடலுக்குப் போனது. 2017 ஜூலையில் அதே கப்பல்தான் ஆப்பிரிக்காவின் ஜிபூட்டியில் திறந்த முதல் வெளிநாட்டுத் தளத்துக்கு ஆட்களை ஏற்றிப் போனது. 2022-ல் எரிமலையால் பாதிக்கப்பட்ட டோங்காவுக்கு வூஜி ஷான் நிவாரணப் பொருட்களோடு போனது. தாய்லாந்து ஒரு 071-ஐ விலைக்கே வாங்கிவிட்டது.

இந்தியாவுக்கும் இது தெரியும். 2020 ஜூனில் கொழும்பிலிருந்து ஏறத்தாழ எழுநூறு பேரைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவந்த ஜலாஷ்வா இதே இனம்தான், அமெரிக்காவிடம் வாங்கிய பழைய கப்பல்.

அதனால் தம்பி மின்கம்பி, "இதை வைத்துத்தான் தைவானுக்கா" என்று கேட்டாயே, சிச்சுவான் தைவானுக்குப் போகாமலேயே போகலாம். ஜிபூட்டி, தென்சீனக் கடல், பசிபிக் தீவுகள் என்று அது நாள் முழுக்கச் சுற்றும். கடற்படைக்குக் கொடி காட்டத் தோதான கப்பல். ஜலசந்திக்கு எப்போது கிளம்பப் போகிறார்கள் என்று அறிய வேண்டுமானால் தாலியன் படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பதை நிறுத்துகிறார்களா என்று பார்.

#16 மின்கம்பி

ஹாஹா, குறித்துக்கொண்டேன். ஒரே ஒரு சந்தேகம். தென்சீனக் கடலில் பிலிப்பைன்ஸ் ஒரு துருப்பிடித்த கப்பலைப் பவளத் திட்டில் ஏற்றி வைத்திருக்கிறதே, அது?

#17 பழைய வரைபடம்

சியெர்ரா மாத்ரே. அதுவும் எல்எஸ்டிதான்! 1944-ல் அமெரிக்கா கட்டியது. 1999-ல் வேண்டுமென்றே திட்டில் ஏற்றி, இன்று வரை அதில் சிப்பாய்கள் குடியிருக்கிறார்கள். கரையில் ஏற கட்டிய கப்பல் கரையாகவே மாறிவிட்டது. அதற்குச் சோறு, தண்ணீர் கொண்டுபோன படகுகளைத்தான் 2023-24-ல் சீனக் கடலோரக் காவல்படை தண்ணீர் பீய்ச்சித் தடுத்தது.

#18 நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. பிலிப்பைன்ஸ் விவகாரத்துக்குத் தனி இழை இருக்கிறது, அங்கே தொடரவும். ஊசிப்பட்டாசு, நீங்கள் நீக்கச் சொன்ன பதிவை நீக்கிவிட்டேன்.

#19 சிங்கை நடையன்

தாமதமாக வருகிறேன். குனிங்தோ என்றதும் நிறுத்திப் படித்தேன், ஏனென்றால் போன வருடம் அங்கே போயிருந்தேன். சியாமெனில் வேலை, வார விடுமுறையில் படகு ஏறினால் அரை மணி நேரத்தில் கின்மென்.

பழைய வரைபடம் சொன்ன தடுப்புகளின் பேரன்கள் இன்னும் நிற்கின்றன. ரயில் தண்டவாளத் துண்டுகளைச் சாய்வாகக் கான்கிரீட்டில் நட்டு, கூர்முனை கடலைப் பார்த்தபடி, வரிசை வரிசையாக. நான் போனபோது கடல் நன்றாக வற்றியிருந்தது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்ட பாட்டிகள் இரண்டு பேர் சேற்றில் குந்தியபடி கல்தூண்களிலிருந்து சிப்பி கொத்திக்கொண்டிருந்தார்கள். எதிரே சியாமெனின் உயரக் கட்டடங்கள் தெளிவாகத் தெரிந்தன. தண்டவாளக் கம்பிகளிலும் சிப்பி அப்பியிருந்தது. அதைக் கொத்த மாட்டீர்களா என்று சைகையில் கேட்டேன். ஒரு பாட்டி மூக்கைச் சுளித்துத் தலையாட்டினார், துரு ருசி வருமாம். என்னோடு வந்த நண்பர்தான் மொழிபெயர்த்தார். பிறகு கடல் ஏறத் தொடங்கியது, கூடையைத் தூக்கிக்கொண்டு அவர்கள் எங்களுக்கு முன்னால் கரை ஏறிவிட்டார்கள்.